திருக்கை வாடை

டிசம்பர் இருபத்துமூன்று வந்தால் எங்கள் ரெய்க்யாவிக் நகரில் பாதி வீடுகளில் புளித்த திருக்கை மீன் வேகும். அதன் நெடியில் கண்ணே கலங்கிவிடும். என் கணவன் தோர்கெல் ஆசைப்பட்டானே என்று நான்தான் அடுப்படியில் நின்று வேகவைத்தேன். சாப்பிட்டது அவன், வாடையை விரட்டுவது என் தலையில்.

எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டேன். குளிர் தாங்கவில்லை, போட்டிருந்த கம்பளி ஸ்வெட்டரை நான் கழற்றவே இல்லை. வினிகரைக் கொதிக்கவிட்டேன், திரைச்சீலைகளைத் துவைத்தேன். கடைசியாக, ஊரே செய்வதுபோல, புகையில் பதப்படுத்திய ஆட்டிறைச்சியை வேகவைத்தேன். அந்த மணத்துக்குத் திருக்கை அடங்கிவிடும்.

அடங்கவில்லை. மறுநாள் மதியமும் நான் போன இடமெல்லாம் அதே நெடி.

"சோபாவுலதானே உக்காந்து தின்ன? அங்கதான் சிந்தியிருக்க!" என்று தோர்கெலைக் காய்ச்சி எடுத்தேன்.

அவன் சோபா மெத்தைகளைத் தூக்கி பால்கனிப் பனியில் போட்டான்.

மாலை விருந்துக்கு அவன் அக்கா ராக்ன்ஹில்தூர் சீக்கிரமே வந்துவிட்டாள். வாசலில் என்னைக் கட்டிப்பிடித்தவள் சட்டென்று விலகினாள்.

"வீடு கமகமன்னு இருக்கு. நீதான் நாறுற! நேத்து இந்த ஸ்வெட்டரோடயா மீன் வேகவச்ச?"

ஸ்வெட்டரைக் கழற்றிப் பனியில் வீசினேன். நெடி போன இடம் தெரியவில்லை. அப்பாடா என்று வாய்விட்டுச் சிரித்தேன்.

தோர்கெல் மெத்தைகளை உள்ளே கொண்டுவந்து பனியைத் தட்டினான்.

"மன்னிச்சுக்கோ," என்றேன்.

"எங்கிட்ட எதுக்கு? சோபாகிட்டக் கேளு."