பதினொரு மணிக் காய்ச்சல்

மொன்றியலில் நான் வேலை செய்யும் கார்டரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், ஒரு காய்ச்சலுக்குப் பெயர் வைத்திருக்கிறோம்: பதினொரு மணிக் காய்ச்சல். காய்ச்சல் பிள்ளைக்குப் பெற்றோர் காலை ஏழு மணிக்குப் பாணி மருந்தைப் பருக்கி, நெற்றி குளிர்ந்ததும் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிடுவார்கள். பதினொரு மணிக்கு மருந்தின் வேகம் குறையும். பிள்ளை அனலாய்க் கொதிக்கும். அதற்குள் பக்கத்தில் விளையாடிய நாலு பேருக்கும் தொற்றியிருக்கும். பத்தொன்பது வருடமாக அந்த வாசலில் நின்று பிள்ளைகளைத் தொட்டுப் பார்த்து உள்ளே விடுபவள் நான். சிவமலர் என்றால் அஹுன்ட்சிக் பக்கத்துப் பெற்றோருக்குச் சிம்மசொப்பனம்.

அப்பேர்ப்பட்ட நான், உகண்டாவில் ஒரு காட்டு விடுதியில், காலை ஏழு மணிக்கு இரண்டு பனடோல் காய்ச்சல் மாத்திரைகளை விழுங்கினேன்.

காரணம் என் மகள் வித்தியா. நாலு வருடமாக அந்தக் காட்டுப் பூங்காவில் சிம்பன்சிகளின் உடல்நலத்தைக் கவனிக்கிறாள். சொந்தக்காரர் கேட்டால் மருத்துவ ஆராய்ச்சி என்று சொல்லிச் சமாளித்தேன். உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூடமுடியுமா? குரங்கு பார்க்கவோ இவ்வளவு படித்தவள் என்று முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். உண்மையைச் சொன்னால், நானும் அதைத்தான் அவளிடம் கேட்டேன். இரண்டு வருடத்துக்கு முன், சிம்பன்சிகளுக்குச் சளி பிடித்துத் தடிமன், தீபாவளிக்கு வரமுடியாது என்று அவள் தொலைபேசியில் அழுதபோது நான் சிரித்தேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

போன வருடம் வந்து பார்க்கச் சொல்லி விமான ரிக்கற் எடுத்து அனுப்பினாள். புறப்படும் நாளில் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி நின்றுவிட்டேன். பச்சைப் பொய். அன்றைக்கு ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்ட்டில் மச்சாளின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு. போகாவிட்டால் ஆயுளுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். நான் காஞ்சிபுரம் உடுத்து ஆரத்தித் தட்டோடு நின்ற படத்தை யாரோ முகநூலில் போட்டுவிட்டார்கள். வித்தியா ஒரு சொல்லும் எழுதாமல் அந்தப் படத்தை எனக்கே திருப்பி அனுப்பினாள். பிறகு ஒரு வருடம் என்னோடு கதைக்கவில்லை. நானாக ரிக்கற் எடுத்து அறிவித்தபோது ஒரேயொரு வரி வந்தது: "வாறதெண்டால் வாங்கோ. வராட்டிப் பொய் சொல்லாதேங்கோ."

வந்து இறங்கிய இரவே உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல நோவு. விடியக் காய்ச்சல் முப்பத்தெட்டரை செல்சியஸ். காட்டுக்குள் போக அனுமதி அந்த ஒரு நாளுக்குத்தான். கார்டரியில் கிடைத்தது நாலு நாள் லீவுதான், மறுநாள் எனக்கு விமானம். காய்ச்சல் என்ற சொல்லை எந்த முகத்தோடு அவளிடம் சொல்வது? பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பார்கள். என் வாய்க்கு உண்மையும் கிடையாது என்று அப்போதுதான் விளங்கியது. பையைத் துழாவி மாத்திரையை எடுத்தேன்.

பூங்காவுக்குள்ளேயே தங்கியிருக்கும் வித்தியா, வாசலில் தானே வெப்பமானியோடு நின்றாள். என்னோடு வந்தவர்கள் ஒரு ஜெர்மன் தம்பதி மட்டும். எமிலியானுஸ் என்ற வழிகாட்டி, இருமல், தடிமன், காய்ச்சல் யாருக்கும் உண்டா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். மனிதருக்கு வரும் சாதாரணத் தடிமன் சிம்பன்சியைக் கொன்றுவிடும் என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். வித்தியா என் நெற்றிக்கு நேரே வெப்பமானியைப் பிடித்தாள். முப்பத்தாறு ஏழு. அவள் சிரித்தாள். முகக்கவசத்தைத் தானே என் காதுகளில் மாட்டிவிட்டாள். ஒரு வருடத்துக்குப் பிறகு என் மகளின் விரல் என்னில் பட்டது. அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

காட்டுக்குள் நடக்கத் தொடங்கியபோது எட்டரை. வித்தியா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மரமாகக் காட்டினாள். சிறுபிள்ளையில் மெட்ரோவில் ஒவ்வொரு நிலையத்தின் பெயராகச் சொல்லிக்கொண்டு வருவாளே, அதே குரல். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. தொண்டை அரித்தது. எச்சிலை விழுங்கி விழுங்கி இருமலை அடக்கினேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்பதே முக்கால். பத்து. பத்து பத்து.

எமிலியானுஸின் கைவானொலியில் ஏதோ கரகரத்தது. மேட்டுக்கு அப்பால் அத்தி மரத்தில் சிம்பன்சிக் கூட்டம் இருக்கிறதாம், கால் மணி நேர நடை. வித்தியா என் காதருகே குனிந்தாள்.

"அம்மா, குட்டியோடை ஒரு தாய் நிக்குது. அதின்ரை முதல் குட்டி அண்டைக்கு அந்தத் தடிமனிலை செத்தது. பத்து நாள் அந்தப் பிரேதத்தைக் காவிக்கொண்டு திரிஞ்சது. இது ரெண்டாவது. பிறந்து மூண்டு கிழமைதான்."

நான் சிரித்த தடிமன் அதுதான். அவள் கையை விட்டு நின்றேன்.

"பிள்ளை, எனக்குக் காய்ச்சல். விடியப் பனடோல் போட்டிட்டு வந்தனான்."

அவள் என் நெற்றியில் புறங்கையை வைத்தாள். மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. நெற்றி வியர்த்துக் குளிர்ந்திருக்க வேண்டும். அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே போய்விட்டது.

"பாக்க விருப்பமில்லையெண்டால் விருப்பமில்லை எண்டு சொல்லுங்கோ. திரும்பவும் ஏன் காய்ச்சல்?"

காவலுக்கு வந்த வனக்காவலரோடு என்னைக் கீழே அனுப்பும்படி எமிலியானுஸிடம் சொல்லிவிட்டு மற்றவர்களோடு மேட்டில் ஏறப் போனாள். விட்டிருந்தால் நான் பேசாமல் இறங்கியிருக்கலாம். ஆனால் என் காதில் முகக்கவசத்தை மாட்டிய விரல் அவளுடையது. என் கையைப் பிடித்து நடந்தவளும் அவள். தொட்டவர்கள் எல்லோரும் நோயைக் கொண்டுபோவார்கள் என்பது எனக்கு அந்தக் கார்டரி வாசல் படிப்பித்த பாடம். ஒற்றையடிப் பாதையின் குறுக்கே கையை விரித்து நின்றேன். பதினொரு மணி வரைக்கும் ஒருவரும் அசையக்கூடாது, காய்ச்சல் வராவிட்டால் பிறகு என் முகத்தில் விழிக்கவே வேண்டாம் என்றேன். ஜெர்மன்காரர் முணுமுணுத்தார். எமிலியானுஸ் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காத்திருப்போம் என்றார்.

விழுந்து கிடந்த மரத்தில் நான் தனியே இருந்தேன். அவர்கள் தள்ளி நின்றார்கள். வித்தியா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மேட்டுக்கு அப்பாலிருந்து சிம்பன்சிகளின் கூச்சல் எழும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, அடங்கியது. ஜெர்மன்காரி கண்ணைத் துடைத்தாள். பத்தே முக்கால். உடம்பு சொன்ன சொல் கேட்கிற பிள்ளைபோல இதமாக இருந்தது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் காய்ச்சல் இறங்க நேர்த்தி வைத்தவள், என் காய்ச்சல் ஏறவேண்டும் என்று நல்லூர்க் கந்தனுக்கு நேர்த்தி வைத்தேன். பதினொன்று. ஒன்றுமில்லை. பதினொன்று ஐந்து. எமிலியானுஸ் தோள்பையை எடுத்து மாட்டினார். வித்தியா திரும்பி என்னைப் பார்க்காமலே மேட்டை நோக்கி அடி எடுத்து வைத்தாள்.

அப்போதுதான் முதுகுத்தண்டில் ஒரு குளிர் ஓடியது. பிறகு பற்கள் தாளம் போடத் தொடங்கின. அந்தப் புழுக்கத்தில் நான் வெடவெடவென்று நடுங்குவதை ஜெர்மன்காரிதான் முதலில் கண்டாள். வித்தியா ஓடிவந்து நெற்றியைத் தொட்டாள். வெப்பமானியை எடுக்கவில்லை. அவளுக்கு அது தேவைப்படவில்லை.

எமிலியானுஸ் வானொலியில் இரண்டு சொல் சொன்னார். எல்லோரும் திரும்பினோம். நான் ஒரு சிம்பன்சியின் வாலைக்கூடக் காணவில்லை என்று மச்சாளிடம் சொல்லலாம். அதற்கு வாலே இல்லை என்று வித்தியாதான் பிறகு சொன்னாள்.

இறங்குகிற வழி முழுக்க அவள் என்னை ஏசினாள். வாசலிலேயே தெரியும்தானே என்றாள். ஓம் என்றேன். அந்தக் குட்டிக்கு ஏதாவது நடந்திருந்தால் என்றாள். ஓம் என்றேன். தனக்கும் இனி எத்தனை நாள் காட்டுக்குள் போகமுடியாதோ, அறிவில்லையா, பத்தொன்பது வருடமாக என்னத்தைப் படித்தீர்கள் என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். ஏச ஏச அவள் கை என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தது. தலை வெடிக்கிறாற்போல நோவு, கண்ணெல்லாம் எரிவு, ஆனால் மனம் நிறைந்திருந்தது. நான் சொன்னதை அவள் நம்பிவிட்டாள்.