மாப்பிள்ளை நின்ற ஜாமீன்

ஜாமீன் கையெழுத்துப் போட்டபோது மாப்பிள்ளையின் கை நடுங்கவே இல்லை. எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல். மில் வாசலில் நான் ஆள் திரட்டி நடத்திய மறியலுக்காகப் போலீஸ் தேடியபோது, நான் ஒளிந்திருந்த அச்சகத்தின் பின்னறையைக் காட்டிக்கொடுத்தவரே அவர்தான். விலங்கு மாட்டிய ஏட்டே அதைப் பெருமையாகச் சொன்னார். அதே மனிதர், தங்கச்சி அழுததும், அவர்கள் இருவர் பேரிலும் இருந்த வீட்டுப் பத்திரத்தோடு கோர்ட்டுக்கு வந்து நல்லவராகிவிட்டார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ஆள்.

"மச்சானுக்கு இதுகூடச் செய்யலன்னா எப்படி?" என்றார்.

"உங்களை மறக்கவே மாட்டேன் மாப்பிள்ளை" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

வாய்தாவுக்கு நான் வராவிட்டால் எனக்குப் பிடிவாரண்ட், அவருக்கு நோட்டீஸ். வீட்டுக்கே உலை வைத்துவிடும். இது புரிந்த அன்றே எனக்குச் சிறை பயம் விட்டுப்போனது. ஒவ்வொரு வாய்தாவுக்கும், கோர்ட் வராந்தாவில் அவர் குட்டி போட்ட பூனையாக அலைவதை எதிர் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பெயர் கூப்பிடும்போதுதான் உள்ளே நுழைவேன். "பஸ் கிடைக்கல மாப்பிள்ளை." அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். அதைப் பார்த்தால்தான் எனக்கு அன்று சோறு இறங்கும்.

இன்று உள்ளே போவதாகவே இல்லை.

முதல் முறை கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை படிக்கு ஓடி வந்தார். பின்னாலேயே தங்கச்சி. கடைக்குள் என்னைக் கண்டது அவள்தான். அவரிடம் ஒன்றும் சொல்லாமல் சாலையைக் கடந்து வந்தாள். அவளைப் பார்த்ததும் என் வீறாப்பெல்லாம் தளர்ந்தது. அவள் குடியிருக்கிற வீடும்தானே அது. எழுந்தேன்.

"உக்காருண்ணே."

"உன் வீடும்மா."

"காட்டிக்கொடுத்தது அவருதான்னு நேத்துதான் தெரிஞ்சுது. ஃபோன்ல யார்கிட்டயோ சொல்லிச் சிரிச்சுட்டிருந்தாரு. உனக்கு முன்னாடியே தெரியும், இல்ல?"

"நீ அவரோட வாழணுமேன்னுதான்..."

"அதை நான் பாத்துக்கறேன்" என்றவள், கடைக்காரரைப் பார்த்து, "எனக்கும் ஒரு டீ" என்றாள்.

இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை தெருவின் இரு பக்கமும் பார்த்தார், செருப்பில்லாமல் இறங்கி ஓடினார், திரும்பி வந்தார். தங்கச்சி ஒரு கையால் என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்திருந்தாள். மறு கையில் இருந்த டீயை, ஆற அமர, ஊதிக்கொண்டிருந்தாள்.