இறங்கி ஏறுகிற ஊரில் சைக்கிள் மேம்பாடு

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, வலிகாமம் கிழக்கில் அன்றாடச் சைக்கிள் பாவனையை ஊக்குவிக்க ஒரு பிரதேசத் திட்டம் வேண்டும் என்று வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று கேட்டிருந்தது. போர்க்காலத் தடையால் நாங்கள் பெற்றோலைக் கண்ணால் கண்டு இரண்டு வருஷமாகியிருந்தது. அப்போது எங்கள் பகுதியில் சைக்கிளில் போகாதவை குளத்து ஆமையும் கோயில் தேரும்தான். மீன் குஞ்சுக்கு நீந்தப் பழக்கவும் ஒரு திட்டமோ என்று ஆட்கள் சிரித்தார்கள். ஆனாலும் திட்டம் கொடுத்தால் டயரும் ரியூப்பும் வரும் என்று ஒரு கதை அடிபட்டது. அதனால் சபை கூடியது.

தலைவராக சோமசேகரம் மாஸ்ரர். நீர்வேலியிலிருந்து புத்தூர் வரை எழுத்துத் தெரிந்த எல்லாருக்கும் எழுத்தை அறிவித்தவர் அவர்தான். பிறகு சைக்கிள் கடை ஏரம்பு. ஒருமுறை இவன் ஒரு அலுமாரியைச் சைக்கிளில் கட்டி அச்சுவேலிக்கு ஏற்றிப் போனான். வெயில் படக்கூடாது என்று மனைவியை அலுமாரிக்குள் இருத்திக் கொண்டுபோனான். போய்ச் சேர்ந்து கதவைத் திறந்தபோது, ஏன் இவ்வளவு கெதியாய் வந்தாய், நித்திரை முடியவில்லை என்று மனுசி ஏசினாளாம். அலுமாரியை நானும் பார்த்திருக்கிறேன், அதனால் இது உண்மை. மூன்றாவது ஆள் புத்தூரில் இருந்த மிட்வைஃப் மீனாம்பிகை. நான் செயலாளர். மை காயாத பேனை என்னிடம் மட்டும் இருந்ததால் வந்த பதவி.

"அன்றாடச் சைக்கிள் ஓட்டத்துக்கு உள்ள தடையள் என்ன?" என்று மாஸ்ரர் கேட்டார்.

"டயர், சேர்," என்றான் ஏரம்பு. "என்ரை கடையிலை இப்ப டயரெண்டு சொல்லுறது சாக்கும் சணலும்தான்."

மீனாம்பிகை எழும்பினாள். "சேர், எனக்கு டயர் வேண்டாம். என்னை இறங்காமல் போக விடுங்கோ, அது காணும்."

எங்கள் ஊர்ப் பழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோயில் வாசல் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டவேண்டும். செத்த வீட்டுப் பந்தல் தெரிந்தாலும் அப்படித்தான். படிப்பித்த வாத்தியாரைக் கண்டால் இறங்கி ஓரமாய் நிற்கவேண்டும், அவரை முந்திப் போகவே கூடாது. எங்கள் வீதியிலோ வேலிக்கு ஒரு வைரவர், சந்திக்கு ஒரு பிள்ளையார். புத்தூரிலிருந்து நீர்வேலிக்குச் சைக்கிளில் போனவன் என்றால், சைக்கிளோடு கூட நடந்து போனவன் என்று அர்த்தம்.

மாஸ்ரரிடம் முந்தி ஏ-போர்ட்டி கார் இருந்தது. இறங்குகிறவனின் கால் நிலத்தில் முட்டுவதற்கு முதல் கார் போய்விடும். பெற்றோல் நின்று, மண்ணெண்ணெயும் நின்ற பிறகு, எழுபத்திரண்டு வயதில் அவரும் சைக்கிளில் ஏறினார். ஏறினதோடு வீதி நின்றது. கண்டவர்கள் எல்லாரும் இறங்கினார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் நின்று விசாரிப்பார். "நீ ஆரின்ரை பெடியன்? பன்னிரண்டாம் வாய்ப்பாடு மறந்துபோச்சோ, சொல்லு பாப்பம்." நரைத்த தலைகள் வேலியோரம் நின்று பன்னிரண்டாம் வாய்ப்பாடு சொல்லும். பின்னால் வந்தவர்கள் முந்த முடியாமல் உருட்டிக்கொண்டே வருவார்கள்.

"உது உண்மைதான் சேர்," என்றான் ஏரம்பு. "நீர்வேலியிலை பச்சைக்காயாய் ஏத்தின இதரை வாழைக்குலை சந்தைக்குப் போய்ச் சேரேக்கை கனிஞ்சு போச்சு. நீங்கள் எதிரிலை வந்த நாள்."

"பகிடி விடாதை ஏரம்பு."

"பகிடியில்லை சேர். ரெண்டு பழம் நானே திண்டனான்."

மீனாம்பிகை சிரிக்கவில்லை. "போன மாசம் சிறுப்பிட்டியிலை ஒரு பிள்ளை பிறந்தாப்பிறகுதான் போய்ச் சேர்ந்தன். தாயைக் கதிரையிலை வைச்சுத் தூக்கிக்கொண்டு ஆசுப்பத்திரிக்கு ஓடினவங்கள். இப்ப நீர்வேலியிலை யாகோப்பின்ரை பெண்சாதி றோஸ் நிறைமாசமாய் இருக்கிறா. முதல் ரெண்டு பிள்ளையும் தங்கேல்லை. இது மூண்டாவது. பிள்ளை நோ தொடங்கின உடனை நான் பக்கத்திலை நிக்கவேணும் சேர். அவவுக்கு நான் வாக்குக் குடுத்திட்டன்."

மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, மரியாதையைக் கீழை இறக்கிப்போட்டு ஓடுற சைக்கிள் ஊரை எங்கை கொண்டுபோகும்? நீ கொஞ்சம் வெள்ளெனக் கிளம்பு."

"பிள்ளை வாற நேரத்தை எனக்கு ஆர் வெள்ளெனச் சொல்லுறது?"

மாஸ்ரர் கண்ணாடியைத் திரும்பப் போட்டார். கூட்டம் முடிந்ததென்று அறிவித்தார்.

யாகோப்பு புத்தூருக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, காலைச் சந்தை நேரம். மேற்சட்டை போடாமல் வந்திருந்தான். "மிட்வைஃப் அக்கா, நோ கண்டிட்டுது" என்ற அளவுக்குத்தான் அவனிடம் மூச்சு இருந்தது. மீனாம்பிகை பையைக் கரியரில் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். பின்னால் யாகோப்பு. மருந்து வாங்கப் போயிருந்த நானும் சேர்ந்து மிதித்தேன்.

சிறுப்பிட்டி எல்லையில் வீதி அடைபட்டுக் கிடந்தது. வாழைக்குலைச் சைக்கிள், விறகுச் சைக்கிள், நாலு ஆட்டைக் கூடையில் ஏற்றின சைக்கிள், எல்லாம் நிலத்தில் நின்றன. ஆட்களும் நிலத்தில் நின்றார்கள். எதற்கென்று கேட்கத் தேவையில்லை. தூரத்தில் யாரோ வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. பன்னிரண்டு ஏழு எண்பத்துநாலு.

மீனாம்பிகை ஆட்களை விலத்திக்கொண்டு முன்னுக்குப் போனாள். "சேர், றோஸுக்கு நோ கண்டிட்டுது. வழியை விடுங்கோ."

"நான் வழியை மறிக்கேல்லையே பிள்ளை. ஓரமாய்த்தானே நிக்கிறன்."

"நீங்கள் நிக்கிறதுதான் சேர் மறியல்!"

இப்படி ஒரு வசனத்தை அவருக்கு முகத்துக்கு நேரே சொன்னவர்கள் அதுவரை இல்லை. மாஸ்ரர் அவளைப் பார்த்தார். பிறகு யாகோப்பைப் பார்த்தார். யாகோப்பு கும்பிட்டபடி நின்றான். சைக்கிளின் காண்டில் பிடி அவன் இடுப்பில் சாய்ந்திருந்தது.

கூட்டத்துக்குள் இருந்து ஏரம்பு குரல் கொடுத்தான். "சேர், நீங்கள் நிண்டாத்தான் அடைபடும். நடுவாலை போனால் சனம் விலகும். நீர்வேலிப் பக்கம் திருப்பி முன்னுக்குப் போங்கோ, அவ பின்னாலை வரட்டும்!"

அது சரியான கணக்கு. மாஸ்ரருக்குக் கணக்குச் சரியென்றால் வேறு நியாயம் தேவையில்லை. சைக்கிளைத் திருப்பினார், ஏறினார். எதிரில் வந்த சனம் வகிடு எடுத்த தலைமயிர் மாதிரி இரண்டு பக்கமும் ஒதுங்கி இறங்கியது. நடுவில் ஒரு சைக்கிள் போகிற இடைவெளி. அதற்குள் முதலில் அவர், அடுத்ததாக மீனாம்பிகை, பிறகு நாங்கள். ஒருவன் பழக்கதோஷத்தில் வாய்ப்பாட்டைத் தொடங்கிவிட்டான். "பிறகு, பிறகு!" என்று மாஸ்ரர் கத்திக்கொண்டு போனார்.

பிள்ளையார் கோயில் கோபுரம் தெரிந்தது. மாஸ்ரரின் கால் கார் பிரேக் பிடிக்கிறவனின் கால் மாதிரித் தயங்கியது. அவர் இறங்கினால் அவள் இறங்கவேண்டும். அவள் இறங்கினால் நாங்கள் எல்லாரும்.

"சேர், இறங்காதேங்கோ," என்றாள் மீனாம்பிகை பின்னாலிருந்து.

அவர் இறங்கவில்லை. இரண்டு கையையும் காண்டிலிலிருந்து எடுத்து, தலைக்கு மேல் கூப்பினார். சைக்கிள் கயிறு பிடித்த மாதிரி நேராய்ப் போனது. இந்த வித்தையை எங்கே பழகினார் என்று இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது. அடுத்தது வைரவர், கை மேலே. அடுத்தது அம்மன், கை மேலே. மாதா கோயிலடியில் யாகோப்பு சிலுவை போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டினான். மாஸ்ரர் அங்கேயும் கையெடுத்தார், கடவுளரில் அவர் வித்தியாசம் பார்ப்பதில்லை. பிறகு ஒரு செத்த வீட்டுப் பந்தல். அங்கே கும்பிடு போடமுடியாது. தலை காண்டிலில் முட்டுமளவுக்குக் குனிந்தார். குனிந்ததில் காற்று விலகி வேகம் கூடிவிட்டது. மீனாம்பிகை எட்டிப் பிடிக்கக் கஷ்டப்பட்டாள்.

நீர்வேலியில் வாழைத் தோட்டத்துக்குப் பின்னால் யாகோப்பு வீடு. மீனாம்பிகை சைக்கிளை விழவிட்டு உள்ளே ஓடினாள். மாஸ்ரர் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். உள்ளே றோஸ் கத்தினாள், பிறகு கத்தவில்லை. யாகோப்பு கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து தன் கால் விரல்களையே பார்த்தான். மாஸ்ரர் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தேவாரமாக்கும் என்று கிட்டப் போனேன். பன்னிரண்டாம் வாய்ப்பாடு.

பிள்ளை அழுத சத்தம் வந்தது.

மீனாம்பிகை கை துடைத்தபடி வாசலுக்கு வந்தாள். "பொம்பிளைப் பிள்ளை. கொடி கழுத்திலை சுத்திக்கொண்டு வந்தது. எடுத்திட்டன்." யாகோப்பு அவளைக் கடந்து உள்ளே போனான். அவள் மாஸ்ரரைப் பார்த்து, "சைக்கிளைத் தாங்கோ சேர், நீங்கள் பிடிக்கக்கூடாது," என்றாள்.

"பரவாயில்லை பிள்ளை," என்றார் மாஸ்ரர். கொடுக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் திட்டத்தில் ஒரு பிரிவு சேர்ந்தது. பிள்ளைப்பேற்று அலுவலாய்ப் போகிறவர்கள் எவருக்கும் எதற்கும் இறங்கத் தேவையில்லை. ஒரு கிழமைக்குள் வீதியில் போன எல்லாரும் பிள்ளைப்பேற்றுக்குத்தான் போனார்கள். பெண்டாட்டி இல்லாதவன் போனான். வெங்காயம் ஏற்றினவன் போனான். தொண்டைமானாற்றில் மீன் வாங்கி வந்த கிழவர் ஒருவர், தனக்கே நோ என்று சொல்லிக் கோயிலைக் கடந்தார். மெய் எது பொய் எது என்று தெரியாமல் போகவே, வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிடுகிற மெய்யான அழைப்புக்கு மாஸ்ரரே முன்னால் போவதென்று முடிவாயிற்று. அவர் முன்னால் போகிற பிறப்புத்தான் பிறப்பு. மழையிலும் போனார். மீனாம்பிகை அதற்குப் பிறகு ஒரு வீட்டுக்கும் பிந்தவில்லை.

ஆனால் சனம் இதை வேறு மாதிரி விளங்கிக்கொண்டது. மாஸ்ரரைச் சைக்கிளில் கண்டால் வீதியோரத்துப் பெண்கள் அடுப்பை மூட்டிச் சுடுதண்ணி வைக்கத் தொடங்கினார்கள். யாருக்கென்று தெரியாவிட்டாலும், வைத்துவிட்டால் உதவும் என்று. அவர் கத்தரிக்காய் வாங்கப் போனாலும் சுடுதண்ணி, தலைமயிர் வெட்டப் போனாலும் சுடுதண்ணி. விறகு விலை ஏறியது. கலியாணமாகாத பிள்ளைகள் உள்ள வீடுகளில் அவர் படலைக்கு முன்னால் வேகம் குறைத்தால் தாய்மார் கையெடுத்துக் கும்பிட்டு, நிற்காமல் போகச் சொன்னார்கள்.

ஆகவே வலிகாமம் கிழக்குச் சைக்கிள் மேம்பாட்டுச் சபை தன் கடைசிக் கூட்டத்தில், தலைவர் சொந்த அலுவல்களுக்கு நடந்தே போகவேண்டும் என்று தீர்மானித்தது. முன்மொழிந்தவர் மாஸ்ரர். வழிமொழிந்தவள் மீனாம்பிகை.