வெளிச்சம் நூற்றுக்கு நூறு

பெற்றோர் வைத்த பெயரை வங்கியும் அரசாங்கமும் மட்டும் வைத்துக்கொண்டிருந்தன. மற்ற எல்லோருக்கும் அவர் 'அப்டேட்'. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்று எந்தப் பொருளாவது முணுமுணுத்தால் போதும், அதைப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். ஒருமுறை வீட்டு டிவிக்கு அவர் போட்ட அப்டேட்டில் அது நாளைய செய்தியை இன்றைக்கே வாசிக்க ஆரம்பித்து, மனைவி பயந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் நடப்புக் காலத்துக்குத் திரும்பியது. நம்பாதவர்கள் அவர் மனைவியிடம் கேட்டுக்கொள்ளலாம். அவளும் நம்பமாட்டாள்.

வீட்டில் ஒரே ஒரு லேப்டாப். அதை இயக்குவது லினக்ஸ் என்கிற மென்பொருள். அதற்குள் கெர்னல் என்று ஒரு பெரிய மனுஷன் உண்டு. திரை, கீபோர்டு, கேமரா எல்லாம் அவரைக் கேட்டுத்தான் மூச்சு விடும். பழைய பெரிய மனுஷன் ஒருவரையும் ஓரமாக உட்கார வைத்திருப்பது லினக்ஸின் வழக்கம். புதியவர் சொதப்பினால் பழையவரைக் கூப்பிடலாம். மெஷின் எழுந்திருக்கும்போது, "யாரைக் கூப்பிடட்டும்?" என்று கேட்டுச் சில விநாடி நிற்கும். வீட்டுக்கு வந்த விருந்தாளியை வாசலில் நிறுத்திப் பேர் கேட்பது போல இருக்கிறது என்று அப்டேட் அந்தக் காத்திருப்பைப் பூஜ்யமாக்கியிருந்தார். பழைய கெர்னல்களையும் குப்பை என்று துடைத்துப் போட்டிருந்தார். அதன் பிறகு, பட்டனை நோக்கி விரல் வருவதைப் பார்த்தே தன் லேப்டாப் எழுந்துவிடுகிறது என்று ஆபீசில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவருடைய மகள் இயற்பியல் படித்துவிட்டு மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வானிலை நிலையத்தில் வேலை பார்க்க ஆசை. இருமல் மருந்து கேட்டு வருகிறவரிடம்கூட, "சாயங்காலம் காத்து திரும்பும், குல்லா போட்டுக்குங்க" என்று சொல்லி அனுப்புகிற பெண். அன்று காலை அந்த வேலைக்கான தேர்வு. வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் முன்னதாகப் பதிவு செய்த மெஷினில் மட்டும்தான். இந்த லேப்டாப்பைப் பதிவு செய்தாயிற்று. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியும் எழுத முடியாது, செல்போனிலும் எழுத முடியாது. இதை விட்டால், அடுத்த தேர்வு வருவதற்குள் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். வானிலை நிலையத்தின் கதவு அப்புறம் திறக்காது.

மகள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அப்டேட் லேப்டாப்பைத் திறந்து எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கூடவே புதுக் கெர்னல் ஒன்றும் வந்திருந்தது. பரீட்சைக்குப் போகிற பிள்ளையைப் பழைய கெர்னலோடு அனுப்ப எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்? போட்டார். மெஷின் அணைந்து எழுந்தது. திரை மட்டும் எழவில்லை.

ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே மகள் வந்தாள்.

"என்னப்பா, இன்னும் ஆன் பண்ணலையா?"

"ஆன்லதாம்மா இருக்கு."

"இருட்டா இருக்கு?"

"யோசிக்குது."

துவட்டிய கை நின்றது. "அப்பா. எதையாவது போட்டீங்களா?"

"சின்னதுதான்."

"எது?"

"கெர்னல்."

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு, பட்டனை அழுத்தி அணைத்தாள், திரும்ப எழுப்பினாள். விசிறி சுழன்றது. கீபோர்டில் கேப்ஸ் லாக் விளக்கு, அழுத்தினால் எரிந்தது, மறுபடி அழுத்தினால் அணைந்தது. உயிர் இருந்தது, முகம்தான் இல்லை.

உள்ளறையில் தைத்துக்கொண்டிருந்த மனைவி, கழுத்தில் அளவு டேப்போடும் உதட்டில் குண்டூசியோடும் எட்டிப் பார்த்தாள். நிலைமையைக் கேட்டதும் குண்டூசியை எடுத்துவிட்டுப் பேசினாள். சாதாரண விஷயத்துக்கெல்லாம் அவள் அதை எடுப்பதில்லை.

"ஏங்க, ஊசி கோத்து வெச்ச மெஷினை யாராவது தைக்கிற நேரத்துல கழட்டிப் பாப்பாங்களா?"

"கழட்டலை. மேம்படுத்தினேன்."

"நல்லா படுத்தினீங்க."

அக்கா மகளுக்கு வாழ்த்துச் சொல்ல வந்திருந்த மச்சான் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கார் ஓட்டக் கற்றுத் தருகிறவர். உலகத்தில் எது நின்றாலும் அது கியர் கோளாறு என்று நினைப்பவர்.

"நியூட்ரல்ல போட்டு ஒரு தள்ளு தள்ளிப் பாக்கலாமே அத்தான்?"

"மாப்ள, இது காரில்ல."

"காரா இருந்தா ரிவர்ஸாவது இருக்கும். நீங்கதான் அதையும் பிடுங்கிட்டீங்களாமே."

பழைய கெர்னல் கதை வீட்டுக்கு வெளியே தெரிந்திருக்கிறது என்பது அப்டேட்டுக்கு அப்போதுதான் தெரிந்தது. செல்போனை எடுத்தார். அதிலிருந்து வீட்டு வைஃபை வழியாக லேப்டாப்புக்குள் நுழைய ஒரு வழி வைத்திருந்தார். நுழைந்தும்விட்டார். எப்படி இருக்கிறாய் என்று விசாரித்தார். நலம் என்றது. திரை இருக்கிறதா? இருக்கிறது. திரையின் வெளிச்சம் எவ்வளவு? நூற்றுக்கு நூறு.

"நூத்துக்கு நூறுன்னு சொல்லுதும்மா."

"பொய் சொல்லுதுப்பா."

"மெஷின் பொய் சொல்லாதும்மா. அதுக்குத் தெரியலை, அவ்வளவுதான்."

வெளிச்சத்தை நூறிலிருந்து பத்துக்கு இறக்கி, மறுபடி நூறுக்கு ஏற்றினார். இறக்கினேன் என்றது, ஏற்றினேன் என்றது. திரை கல்லாக இருந்தது. பழைய கெர்னலைத் திரும்ப இறக்கப் பார்த்தார். அன்றைக்கென்று பூமியில் உள்ள அத்தனை அப்டேட்டுகளும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு அதே இடத்தில் வரிசையில் நின்றார்கள் போல. எறும்பு ஊர்வது போல வந்துகொண்டிருந்தது. அது வந்து ஏறுவதற்குள் தேர்வின் வாசலை மூடிவிடுவார்கள்.

அப்போதுதான் டிவி நினைவுக்கு வந்தது. கேபிளை எடுத்து ஒரு முனையை லேப்டாப்பிலும் மறுமுனையை டிவியிலும் செருகினார். டிவி ஒரு கணம் கண்ணைக் கொட்டியது. அப்புறம் லேப்டாப்பில் தெரிய வேண்டியதெல்லாம் சுவர் அகலத்துக்குப் பளிச்சென்று விரிந்தது. மச்சான் விசில் அடித்தார். மனைவி குண்டூசியைத் திரும்ப உதட்டில் வைத்துக்கொண்டாள். அப்டேட் மார்பை நிமிர்த்தினார். தான் கெடுக்கவே இல்லை, பெரிய திரைக்கு மாற்றத்தான் பாடுபட்டோம் என்று அவருக்கே தோன்ற ஆரம்பித்தது.

மகள் தேர்வு மென்பொருளைத் திறந்தாள். அடையாளம் சொன்னாள், கேமராவுக்கு முகம் காட்டினாள். டிவியில் பெரிய எழுத்தில் வந்தது: 'இரண்டாவது திரை இணைக்கப்பட்டுள்ளது. அகற்றினால் மட்டுமே தேர்வு தொடங்கும்.'

மச்சான் எழுந்து வந்து அதை இரண்டு தரம் படித்தார்.

"முதல் திரையே இல்லைன்னு அதுக்கு எப்படிச் சொல்றது?" என்றார் மச்சான்.

சொல்ல வழியில்லை. அதன் கணக்கில் முதல் திரை இருந்தது, வெளிச்சம் நூற்றுக்கு நூறு.

லேப்டாப்பைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்த மகள் திடீரென்று, "அம்மா, டார்ச்" என்றாள். டார்ச்சை வாங்கித் திரைக்குச் சரிவாகப் பிடித்தாள். கறுப்புக்குள், கிணற்றின் அடியில் கிடக்கிற கல்வெட்டு மாதிரி, எழுத்து தெரிந்தது. உள்ளங்கை அகலத்துக்குத்தான். டார்ச்சை நகர்த்தினால் அடுத்த உள்ளங்கை.

"படம் இருக்குப்பா. பின்னாடி எரியற விளக்குதான் இல்ல."

அப்டேட்டின் கண் நிறைந்தது. "நான்தான் சொன்னேனே, அது பொய் சொல்லலைன்னு."

"நீங்க பேசாதீங்க" என்றாள் மனைவி.

வாசல் மூட இன்னும் கொஞ்சம்தான் நேரம் இருந்தது. கேபிளைப் பிடுங்கினார்கள். மகள் லேப்டாப்பைத் தன் அறைக்குக் கொண்டுபோய் மேசை முன் உட்கார்ந்தாள். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் மவுஸ் என்று தொடங்கிப் பார்த்தாள். எண் அடிக்க வேண்டிய கேள்விக்கு மூன்றாவது கை தேவைப்பட்டது. தேர்வு முடிகிறவரை கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும், மகளைத் தவிர யாரும் அதில் தெரியக்கூடாது. மனைவி மேசைக்கடியில் புகுந்து, மல்லாந்து படுத்து, டார்ச்சை வாங்கித் திரையோரமாக நீட்டினாள். மகள் முழங்காலால் இடது தோளை இடித்தால் இந்தப் பக்கம், வலது தோளை இடித்தால் அந்தப் பக்கம். இருபது வருஷம் துணியைக் கோடு பிசகாமல் நகர்த்திய கை. வெளிச்சம் வரிக்கு வரி வழுக்கிக்கொண்டு போனது. அப்டேட் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மச்சானைக் கூடத்தில் உட்கார வைத்து, தும்மக்கூடக் கூடாது என்று சொல்லியிருந்தது.

முதல் கேள்வி மேகங்களைப் பற்றியது. மகளுடைய உதட்டோரம் லேசாக மேலே போனதைக் கதவிடுக்கு வழியாக அப்டேட் பார்த்தார். அடுத்தது காற்றழுத்தம். அதற்கு யோசிக்கவே இல்லை. அப்புறம் ஒரு வரைபடம். அதைப் பார்க்க டார்ச் திரை முழுக்க ஒரு சுற்று சுற்றி வர வேண்டியிருந்தது. அதையும் முடித்தாள். அவள் கழுத்து தளர்ந்து, தோள் இறங்கி, கடையில் யாரோ வானத்தைப் பற்றிக் கேட்டால் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள். ஜெயித்துவிடுவாள் என்று அப்டேட்டுக்கு அப்போது தோன்றியது. வாழ்க்கையில் அவ்வளவு நிச்சயமாக அவர் எதையும் நினைத்ததில்லை.

அந்தத் தேர்வு மென்பொருளைச் செய்தவர்கள் நல்ல மனசுக்காரர்கள். தேர்வு எழுதுகிறவரின் கவனம் சிதறக்கூடாது என்று எச்சரிக்கைகளுக்குச் சத்தம் வைக்கவில்லை. திரையின் மேல் மூலையில், மரியாதையாக, ஒரு சின்னப் பெட்டியில் எழுதிக் காட்டும். கேள்விகள் நடுவில் வரும். டார்ச் நடுவில் இருந்தது.

வேகமாகப் போய்க்கொண்டிருந்த மகள் ஒரு பதிலை அழுத்தினாள். அடுத்த கேள்வி வர வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. முழங்காலால் இடித்தாள். டார்ச் கீழே போனது. ஒன்றும் இல்லை. இடது பக்கம், ஒன்றும் இல்லை. மறுபடி இடித்தாள், வெளிச்சம் மெல்ல மேலே ஏறி மூலைக்குப் போனது.

மகள் மனதுக்குள் படிக்கவில்லை, வாய்விட்டே படித்தாள்.

"முதல் எச்சரிக்கை: மேசைக்கு அடியிலிருந்து அடையாளம் தெரியாத கை. இரண்டாவது எச்சரிக்கை: அடையாளம் தெரியாத கை விளக்கால் சைகை செய்கிறது. மூன்றாவது எச்சரிக்கை: கதவுக்குப் பின்னால் ஒரு நபர்."

வெளிச்சம் இன்னொரு வரி நகர்ந்தது.

"தேர்வு நிறுத்தப்பட்டது. மறு அனுமதி இல்லை."

மேசைக்கடியிலிருந்து, "அடுத்த கேள்வி எங்கடி?" என்றாள் அம்மா. மல்லாந்து கிடந்தவளுக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை. "இடமா, வலமா? சொல்லு, கை வலிக்குது."

"போதும்மா. வெளிய வா."

"முடிச்சிட்டியா?"

"முடிஞ்சிருச்சு."

மச்சான் கூடத்திலிருந்து ஓடி வந்து, "பாஸா?" என்று கேட்டுவிட்டு, மூன்று முகங்களையும் பார்த்து, வந்த வழியே திரும்பிப் போய்ச் செருப்பைத் தேடினார்.

அப்டேட் செல்போனோடு தெருவுக்கு இறங்கினார். தேர்வு நடத்துகிறவர்களின் உதவி எண்ணில் ரொம்ப நேரம் காக்க வைத்த பிறகு ஒரு பெண் குரல் வந்தது. நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னார். தன்னுடைய குற்றம் என்றார். மகளுடையது ஒரு துளியும் இல்லை என்றார். அந்தக் கை தன் மனைவியுடையது, அவளுக்கு வானிலையைப் பற்றி ஒன்றும் தெரியாது, வேண்டுமானால் கேட்டுப் பார்க்கலாம் என்றார்.

"புரியுது சார். இப்ப திரையில என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலம்மா. அதைத்தான் இவ்வளவு நேரமா சொல்றேன்."

"சரி சார். அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிச்சிடுங்க."

"அதுக்குள்ள அவளுக்கு வயசு தாண்டிடும்மா."

அந்தப் பெண் அந்தப் பக்கம் எதையோ தட்டிப் பார்த்தாள். "ஆமா சார். அப்ப விண்ணப்பிக்க வேண்டியதில்ல சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினார்.

திரும்பி வந்தபோது வீடு அதன் பாட்டுக்கு இருந்தது. உள்ளறையில் தையல் மெஷின் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. மகள் மேசையிலிருந்து லேப்டாப்பை நகர்த்தி வைத்துவிட்டு, மருந்துக்கடையின் வெள்ளைக் கோட்டை விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"என்ன சொன்னாங்கப்பா?"

எந்த லிஃப்ட் எங்கே நின்றாலும் உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் உண்மையைச் சொல்லவேண்டும், பொய்யான நம்பிக்கை தரக்கூடாது என்று புது ஆட்களுக்குப் பாடம் எடுக்கிற மனுஷன்.

"மேல கேட்டுச் சொல்றோம்னாங்கம்மா" என்றார்.

மகள் கோட்டின் காலரைத் திருப்பிப் போட்டாள். கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள். இஸ்திரிப் பெட்டி அதன் மேல் சென்றபோது ஆவி எழுந்து அவள் முகத்தை மறைத்தது.

"சரிப்பா" என்றாள்.