பதின்மூன்று குண்டோ, ஐந்தோ

1994 ஜூலை 16, சனிக்கிழமை, தென் லண்டன், சட்டன். பிஸ்டல் கிளப்பில் விருந்தினர் நாள்.

அம்பலவாணன் ஐம்பத்துநாலு வயதில் முதல்முறையாகத் துப்பாக்கி பிடித்துச் சுட்டார். மூன்றாவது குண்டோடு அது சிக்கி நின்றுவிட்டது.

"என்ன வைத்தி, வேலைநிறுத்தமோ?"

"மணிக்கட்டு தளர்ந்தா ஆட்டோமேட்டிக் இப்படித்தான் மாட்டிக்கும் சார். நீங்களே சரிபண்ணுங்க."

வைத்தியநாதன் கும்பகோணத்து எஞ்சினியர், கிளப்பில் பதினோரு வருட உறுப்பினர். உதவிக்கு வராமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம் போயிற்று. துப்பாக்கி மசியவில்லை.

இலங்கையில், வவுனியாவில் தேர்தலுக்கு நிற்க இருந்தவர் அம்பலவாணனோடு படித்தவர். மே மாதம் அவரை வீட்டு வாசலில் வைத்துச் சுட்டுவிட்டார்கள். துக்கம் கேட்க டெலிபோன் எடுத்தபோது செத்தவரின் மனைவி அழுதழுது, "நீங்கள் வந்து அவருக்குப் பதிலா நிப்பீங்களோ?" என்றார். அழுகிற மனுசியிடம் வேறென்ன சொல்வது? ஓம் என்றுவிட்டார். வேட்புமனுவும் ஏற்றாயிற்று, இனிப் பெயரைத் திரும்ப எடுக்க வழியில்லை. தற்காப்புக்கு எந்தத் துப்பாக்கி வேண்டும் என்று கட்சி கேட்டிருந்தது. மற்ற வேட்பாளர்கள் பதின்மூன்று குண்டு போடும் ஆட்டோமேட்டிக்கைக் கேட்டிருந்தார்கள். ஐந்து குண்டு ரிவால்வரோடு போய் நிற்க அவருக்கு வெட்கமாயிருந்தது.

வைத்தி ரிவால்வரைத்தான் எடுத்துக் கொடுத்தார். "உங்க அனுபவத்துக்கு இதுதான். மாட்டாது. இழுத்தா வெடிக்கும்."

ஐந்தில் இரண்டு காகிதத்தில் பட்டன.

"பாத்தீங்களோ! பிழையில்லை."

"சுடுறது இருக்கட்டும். எடுக்கணுமே." வைத்தி குண்டுகளைக் கழற்றி, வெறும் துப்பாக்கியை அவர் இடுப்புப் பட்டியில் செருகி, சட்டையை மேலே இழுத்துவிட்டார். "ஓட்டு கேக்கிறப்ப கை எங்க இருக்கும்?"

அம்பலவாணன் நெஞ்சுக்கு நேரே கும்பிட்டுக் காட்டினார்.

"அப்ப அங்கேர்ந்தே ஆரம்பிப்போம்."

வைத்தி ஏழெட்டு அடி தள்ளிப் போனார். திரும்பினார். அவரும் கைகூப்பினார். "வணக்கம் அண்ணை," என்று யாழ்ப்பாணத்தானைப்போலச் சொல்லிச் சிரித்தபடி விறுவிறுவென்று வந்தார். அம்பலவாணன் இழுத்த ரிவால்வர் சட்டை விளிம்பில் சிக்கிக் கிடக்க, வைத்தியின் விரல் அவர் நெஞ்சில் குத்திற்று.

"செத்தீங்க. மறுபடி."

எட்டாவது தடவை துப்பாக்கி வெளியே வந்தது. வைத்தி அதை அவர் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டார்.

"வாறவன் ஆரெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" அம்பலவாணனுக்கு மூச்சு வாங்கியது.

"தெரியாது. தெரியிறதுக்கு முன்னாடியே எடுக்கணும்."

"கும்பிட்டு வாற எல்லாச் சனத்துக்குமோ?"

வைத்தி வியர்வையைத் துடைத்தார். "ஆறு மாசம் வாராவாரம் வந்தா கை பழகும். எத்தனை நாள் இருக்கு?"

"நாலு."

"அப்ப எதை எடுத்தாலும் அது பிடுங்குறவனுக்குத்தான் சார். போகாம இருக்க முடியாதா?"

"ஏலாது."

திங்கட்கிழமை, துப்பாக்கி வேண்டாம் என்று கட்சிக்கு ஃபாக்ஸ் அனுப்பினார். புதன்கிழமை கொழும்புக்கு விமானம் ஏறினார்.