பக்கத்து ட்ரே

வகுப்பு ஒரு மணி நேரம் என்று போட்டிருந்தது. ரமணி இருபது நிமிடத்தில் தன் பாசிமணிக் காப்பைக் கோத்து, முடிச்சுப் போட்டு, மிச்ச நூலைக் கத்தரித்து மேசைமேல் வைத்துவிட்டாள். கப்பலின் ஐந்தாம் தளத்தில், ஜன்னலுக்கு வெளியே கடல் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருக்க, சுற்றியிருந்த முப்பது பேரும் இன்னும் ஊசித் துளையைத் தேடிக் கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தார்கள். சொல்லிக்கொடுக்கும் பிலிப்பினோ பெண் வந்து பார்த்துவிட்டுக் கை தட்டினாள். எதிரில் இருந்த ஹமீதா, பினாங்கின் ஜார்ஜ் டவுனில் துணிக்கடை வைத்திருப்பவள், கப்பலேறிய அன்றே சிநேகமானவள், "ரமணி அக்கா, அது கையா மெஷினா லா?" என்றாள்.

ரமணிக்குப் பெருமை பிடிபடவில்லை. பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் முப்பத்து நான்கு வருஷம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டியவளுக்கு இந்த மணியெல்லாம் ஒரு வேலையா? அதே பெருமையோடு வலப்பக்கம் திரும்பியவள் மகள் தினேஸ்வரியின் நூலைப் பார்த்தாள். மாதிரித் தாளில் இரண்டு நீலம், ஒரு வெள்ளை என்று இருந்தது. மகள் மூன்று நீலம் கோத்திருந்தாள். பிறகு நடந்ததை ரமணி யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போனது. மகளின் விரலிலிருந்து நூலை வாங்கி, மணிகளை உருவிக் கொட்டி, தாளில் உள்ளபடி கோத்து, முடிச்சுப் போட்டு நீட்டினாள். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

"நல்லா இருக்கும்மா," என்றாள் தினேஸ்வரி. காப்பைக் கையில் போட்டுக்கொள்ளவில்லை. பைக்குள் போட்டுக்கொண்டு, "நான் கொஞ்சம் வெளிய நிக்கிறேன்," என்று எழுந்து போனாள். மறுநாளிலிருந்து எந்த வகுப்புக்கும் அவள் வரவில்லை.

கொழும்பு, கொச்சி, மும்பை என்று போய்ப் பினாங்குக்கே திரும்பும் பதினான்கு நாள் பயணம் அது. டிக்கெட் எடுத்தது தினேஸ்வரிதான். கோலாலம்பூரில் மருந்தாளராக இருக்கிறாள். அடுத்த மாதம் மெல்பர்ன் போகிறாள், திரும்பி வருகிற உத்தேசம் இல்லாமல். அதைச் சொன்ன கையோடு, "போறதுக்கு முன்னாடி நாம ரெண்டு பேரும் எங்கயாச்சும் போலாம்மா," என்றும் சொன்னாள். கணவர் மோகனராஜ் உயிரோடு இருந்தவரை மகளின் பேச்செல்லாம் அவரோடுதான். சிரித்துப் பேசி முடித்துவிட்டு, "இந்தா, உங்கம்மாகிட்ட பேசு," என்று போனை நீட்டுவார். அவர் போய் இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை அழைப்பு மூன்று நிமிடத்தைத் தாண்டியதில்லை. சாப்பிட்டீங்களா, மருந்து எடுத்தீங்களா, சரிம்மா. இந்தப் பதினான்கு நாளில் மகள் தன்னிடம் வாய்விட்டுப் பேசிவிட வேண்டும். ரமணி கப்பலேறியது அந்த ஓர் ஆசையோடுதான்.

ஆனால் கப்பல் வேறு ஆசையைக் காட்டிவிட்டது. தினமும் அறைக் கதவில் செருகியிருக்கும் நிகழ்ச்சித் தாளை அவள் ஷிப்ட் அட்டவணைபோல எடுத்துப் பேனாவால் வட்டம் போட்டாள். ஒன்பது மணிக்கு லைன் டான்ஸ், பத்தரைக்கு நாப்கின் மடிப்பு, இரண்டு மணிக்கு நீர்வண்ணம். ஹமீதா பாஜு கூரோங் என்ற நீள மலாய் உடுப்புக்குக் கீழே ஓடுகிற சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஆட, இவள் அவள் காலை மிதிக்க, இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அறுபத்தொரு வயதில்தான், யாருக்கும் தேவைப்படாத ஒன்றைக் கையால் செய்வதில் இவ்வளவு சுகம் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. அந்தச் சுகத்தில் ஒன்றைக் கவனிக்கத் தவறினாள். பாசிமணி வகுப்புக்கு முன்பே, மகள் மடித்த நாப்கின் அன்னத்தின் கழுத்தை நிமிர்த்தியது அவள் கை. மகள் வரைந்த வானத்தில் வழிந்த நீலத்தைத் துடைத்ததும் அவள் கைதான்.

ஃபேக்டரியில் அதுதான் பழக்கம். பக்கத்தில் இருப்பவள் பின்தங்கினால் லைன் தேங்கிவிடும், சூப்பர்வைசர் வந்து நிற்பான். அதனால் தன்னுடையது முடிந்ததும் பக்கத்து ட்ரேயை இழுத்து அதையும் முடித்துக் கொடுப்பார்கள். அங்கே பாசம் என்றால் அதுதான். ரமணிக்கு இழுத்துக் கொடுத்தவர்களும் உண்டு. அவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு இன்றும் போகிறாள்.

மகள் பக்கத்தில் இல்லாமல் வகுப்பு ருசிக்கவில்லை. அவள் வராத மூன்றாம் நாள், நீர்வண்ண வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு மேல்தளத்துக்குப் போனாள். தினேஸ்வரி சாய்நாற்காலியில் தேநீரோடு உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்குக் காகிதம் மடிக்கிறதாம். வாயேன்."

"நீங்க போங்கம்மா."

"மூணு நாளா பாக்கறேன். ஏன் வரமாட்டேங்கிற?"

மகள் கடலைப் பார்த்தபடியே சொன்னாள். "வந்து என்னம்மா செய்ய? ஆரம்பிக்கிறது நான், முடிக்கிறது நீங்க."

"தப்பா கோத்திருந்த. அதான் ஹெல்ப் பண்ணேன்."

"தப்பு இல்லம்மா. மூணு நீலம் எனக்குப் புடிச்சிருந்துச்சு." தேநீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னாள். "அந்த ஃபெர்ரியும் அப்படித்தான்."

எந்த ஃபெர்ரி என்று ரமணி கேட்கவில்லை. கெலுகோரில் உள்ள அவள் வீட்டு ஷோகேஸில் இருபத்தைந்து வருஷமாக இருக்கிறது, தீவுக்கும் எதிர்க்கரைக்கும் ஓடும் பினாங்கு ஃபெர்ரியின் ஐஸ்கிரீம் குச்சிப் பொம்மை. நாலாம் வகுப்பில் பள்ளிப் போட்டிக்காகத் தினேஸ்வரி செய்தது. போட்டியன்று காலை ரமணி நைட் ஷிப்ட் முடிந்து வந்தபோது அது மேசைமேல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. மகளுக்கு மதியப் பள்ளி, தூங்கிக்கொண்டிருந்தாள். ரமணி படுக்காமல், சட்டை மாற்றாமல் உட்கார்ந்து, முழுவதையும் பிரித்து நேராக ஒட்டினாள். முதல் பரிசு கிடைத்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இன்றுவரை சொல்கிறாள், என் மகள் செய்தது என்று.

"அது என்னோடது இல்லம்மா. என்னோடத நீங்க பிரிச்சிட்டீங்க."

"கோணலா நின்னுச்சு லா. அப்படியே கொண்டு போயிருந்தா பரிசு கெடச்சிருக்குமா?"

"மேல்தட்டுல ரெண்டு குச்சி நிறுத்தி வச்சிருந்தேன். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஒன்று நீளம், ஒன்று கட்டை. "ஒட்டறப்ப தெரியாம நின்னுருச்சுன்னு நெனச்சுப் புடுங்கிட்டேன். என்னாது அது, கொடிக்கம்பமா?"

"நீங்களும் நானும்," என்றாள் தினேஸ்வரி. "ஃபெர்ரில கூட்டிட்டுப் போறேன் போறேன்னு சொல்லிட்டே இருந்தீங்க. ஞாயித்துக்கிழமையும் உங்களுக்கு ஓவர்டைம்."

குரலில் கோபம் இருந்திருந்தால் ரமணி பதிலுக்குக் கோபப்பட்டிருப்பாள். வீட்டுக் கடன், உன் டியூஷன் என்று அடுக்கியிருப்பாள், அத்தனையும் உண்மைதான். கோபம் இல்லை. என்னை மன்னித்துவிடு என்று சொல்ல வாய் எடுத்தாள். வந்ததென்னவோ, "டீ ஆறிப்போவுது, குடி," என்பதுதான். அதற்காகவும் அன்று முழுதும் தன்னைத் திட்டிக்கொண்டாள்.

மிச்ச நாட்களில் அவள் தாளில் வட்டம் போடவில்லை. ஹமீதா கதவைத் தட்டிக் கூப்பிட்டும், முழங்கால் வலி என்றாள். "போங்கம்மா, உங்களுக்குத்தானே ஆசை," என்று மகளே சொன்னபோது இன்னும் வலித்தது. இருவரும் அடுத்தடுத்த சாய்நாற்காலிகளில் உட்கார்ந்து, சாப்பாட்டையும் மேகத்தையும் பற்றிப் பேசினார்கள்.

கடைசிக் காலையில் பினாங்குப் பாலமும் கொம்தார் கட்டடமும் தெரிந்தன. கப்பலுக்கு அந்தப்பக்கம் எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்கு ஃபெர்ரி ஒன்று போய்க்கொண்டிருந்தது.

"ஒரு நாளு அதுல போவமா, தினேஸ்?"

"அந்தப் பழைய ஃபெர்ரியெல்லாம் நிறுத்திட்டாங்கம்மா. இப்ப ஓடறது வேற."

வீட்டுக்கு வந்ததும் தினேஸ்வரி குளித்துவிட்டு மறுபடி பையை அடுக்கத் தொடங்கினாள். மாலை விமானத்தில் கோலாலம்பூர். அடுத்த மாதம் அங்கிருந்தே கிளம்பிவிடுவாள். ஏர்போர்ட்டுக்குக் காரைக் கூப்பிட்டுவிட்டு, "பத்து நிமிஷத்துல வந்துரும்மா," என்று அறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

ரமணி ஷோகேஸைத் திறந்து ஃபெர்ரியை வெளியே எடுத்தாள். தினமும் துணியால் துடைக்கிறவள்தான். இன்றைக்குத்தான் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மேல்தட்டின் நடுவில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பசைப் பொட்டுகள் மஞ்சளித்துப்போய் இருந்தன. அன்று நகத்தால் எவ்வளவு சுரண்டியும் போகாதவை. ஃபேக்டரியில் இப்படி விட்டிருந்தால் ரிஜெக்ட் என்று தள்ளியிருப்பார்கள்.

கைப்பையைத் துழாவினாள். கப்பலிலிருந்து அவள் அள்ளி வந்த சீனிப் பொட்டலங்களுக்கும் நாப்கின்களுக்கும் நடுவே காப்பி கலக்கும் மரக்குச்சிகள் இருந்தன. இரண்டை எடுத்தாள். ஒன்றைப் பாதியாக ஒடித்தாள். ஒட்டுவதற்கு இரண்டு நிமிடம் போதும், ஊசிபோல நேராக நிற்க வைத்துவிடலாம். அப்படி நினைத்த உடனே கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

ஃபெர்ரியையும் குச்சிகளையும் பசைக் குப்பியையும் மகளின் கட்டில்மேல் வைத்தாள். தினேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். பசைப் பொட்டுகளைப் பார்த்தாள். பையை மூடாமல் விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

முதலில் கட்டைக் குச்சியை எடுத்தாள். பசை அதிகமாக வந்து ஓரத்தில் வழிந்தது. குச்சி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரமணியின் கை மடியிலிருந்து எழும்பியது. அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேலேயே அழுந்த உட்கார்ந்துகொண்டாள்.

கீழே கார் ஹாரன் அடித்தது. நீளக் குச்சி இன்னும் தினேஸ்வரியின் விரல்களுக்கு நடுவில் இருந்தது.