டிரேக்குக் கீழே நிற்கிறவள்

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து பொந்தியான் வீட்டுக்கு வந்ததும், காரின் பின்பக்கத்தைக் காலி செய்யச் சொன்னாள் கிறிஸ்டின். அன்னாசி வாங்கி அவள் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமாம். செவ்வாய்க்கிழமையிலிருந்து வேலைக்குப் போடுகிற என் அழுக்கு ஓவரால் சுருண்டு கிடக்கிறது, கார் முழுக்க நாறுகிறது என்று கோயிலுக்குப் போகும் வழியிலேயே ஆரம்பித்துவிட்டாள். மனைவி ஒரு வேலை சொல்லி நான் உடனே செய்ததாகச் சரித்திரம் கிடையாது. அன்றைக்கு என்னவோ, கோயில் காலணியோடு போய்ப் பின்கதவைத் திறந்தேன்.

ஓவராலை உதறியதும் அதன் பையிலிருந்து பஞ்ச் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன், அது இங்கே இருக்கவே கூடாது.

பஞ்ச் என்பது விரல் நீளத்துக்கு ஓர் இரும்புத் துண்டு, அவ்வளவுதான். டேட்டா சென்டரில் கேபிள்களைத் தாங்கும் டிரே, கூரைக் கான்கிரீட்டிலிருந்து தொங்குகிறது. முதலில் கூரையில் துளை போட வேண்டும். துளைக்குள் ஆங்கர் என்கிற சின்னக் குழாயைச் செருக வேண்டும். அந்தக் குழாய்க்குள் பஞ்ச்சை வைத்துச் சுத்தியலால் அடித்தால், உள்ளே இருக்கும் ஆப்பு மேலேறிக் குழாயை விரிக்கும். ஆங்கர் கான்கிரீட்டைக் கடித்துக்கொள்ளும். அதன் பிறகுதான் ராட் என்கிற மரை போட்ட கம்பியை அதில் முறுக்கி டிரேயை மாட்டுவது. பஞ்ச் அடிக்காமலும் ராட்டை முறுக்கலாம். டிரேயும் சமர்த்தாகத் தொங்கும். சும்மா பார்க்கிறவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. மேலே கேபிள் ஏறி எடை கூடும்போதுதான் தெரியும், அதுவும் கீழே நிற்கிறவனுக்கு.

கூலாய் பக்கத்து வேலையிடத்தில் எங்கள் சாமான் பையில் நான் பார்த்தது இந்த ஒரே பஞ்ச்தான். செவ்வாய்க்கிழமை காலையில் கதவுப் பக்க வளைவில் பதினாறு ஆங்கரை நானே அடித்தேன். மத்தியானம் பத்து பாகாட் ஊரில் வேறொரு வேலைக்குக் கூப்பிட்டார்கள். மீதியை என்னிடம் வேலை செய்யும் மணியத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன். பஞ்ச் என் பையிலேயே வந்துவிட்டது. அப்படியானால் சனிக்கிழமை வரை மணியமும் ஆட்களும் நாற்பத்தெட்டு ஆங்கரை எதை வைத்து அடித்தார்கள்?

அந்த டிரேயில்தான் இன்றைக்கு ஃபைபர் இழுக்கிறார்கள். இழுக்கிற குழுவுக்குத் தலைவி என் கூடப்பிறந்த தங்கை ஃபெலிசியா.

அவளுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மணியத்துக்கு அடித்தேன், அதுவும் அப்படியே. எனக்கே தெரியும், அந்தக் கட்டடத்துக்குள் யாரும் போனைக் கொண்டுபோக முடியாது. வாசலில் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். தெரிந்தும் ஆளுக்கு நாலு தடவை அடித்தேன். பிறகு மெயின் காண்ட்ராக்டரின் மேனேஜர் ஆலனைக் கூப்பிட்டேன். அவன் ஏதோ கடையில் குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வேலையை நிறுத்தச் சொல் என்றேன். நேற்றுத்தானே நாலு ஆங்கரை இழுத்துச் சோதித்தோம், நாலும் பாஸ், நீ ஏன் ஞாயிற்றுக்கிழமை பேயடித்தவன் மாதிரி பேசுகிறாய் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் கேட்டான். எந்த நாலு என்றேன். நடுவில் கைக்கு எட்டிய நாலாம். அறுபத்து நாலில் எட்டுகிற நாலு. பார்த்துச் சொல்கிறேன் லா என்று வைத்துவிட்டான். அந்த 'லா'வின் அர்த்தம் எனக்குத் தெரியாதா? சாப்பிட்டு முடித்த பிறகு என்று அர்த்தம்.

எங்கே போகிறீர்கள் என்று கிறிஸ்டின் கேட்டதற்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். பஞ்ச் பக்கத்து இருக்கையில் உருண்டது.

பெக்கான் நானாஸ் தாண்டியதும் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் மாட்டிக்கொண்டது. முந்துவதற்கு இடமில்லை. ஹார்னை அழுத்தினேன், அவன் இன்னும் மெதுவாகப் போனான். காருக்குள் நான் மணியத்தைத் திட்டத் தொடங்கினேன். ஒன்பது வருடமாக என்னோடு இருக்கிறவன். பஞ்ச் இல்லை என்றால் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? உளியை வைத்துத் தட்டியிருப்பான். இல்லை, வெட்டின போல்ட்டை வைத்து ஒப்பேற்றியிருப்பான். அதுவும் இல்லாமல் சும்மா முறுக்கிவிட்டிருந்தால்? மறுபடி ஹார்னை அழுத்தினேன்.

ஃபெலிசியா எங்கே நின்றுகொண்டிருப்பாள் என்று யோசித்தேன். அவளுக்கு எதிலும் பக்குவம் வேண்டும். ஃபைபர் முடியைப் போன்ற கண்ணாடி, சாப்பாட்டுத் தட்டின் விளிம்பைவிட இறுக்கமாக வளைத்தால் வெளிச்சம் ஓடாது என்பாள். அதனால் இழுக்கும்போது வளைவில் யாரையும் நம்ப மாட்டாள், தானே நிற்பாள். போன மாதம் நான் கட்டிய பிளாஸ்டிக் கட்டுகள் கேபிளை நெரிக்கின்றன என்று அத்தனையையும் வெட்டிவிட்டு, ஒட்டுகிற துணிப்பட்டையைச் சுற்றினாள். நான் ஒரு மணி நேரம் கத்தினேன். நான் கத்தி முடிப்பதற்குள் அவள் வேலையை முடித்துவிட்டாள். பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் சுபாவமே அப்படி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வளைவு என்றதும் கொஞ்சம் மூச்சு வந்தது. கதவுப் பக்க வளைவு நான் அடித்தது. என் கையால் அடித்த பதினாறு. அவள் அங்கேயே நின்றால் போதும், நடுப்பக்கம் வராமல் இருந்தால் போதும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன். எனக்குப் பிள்ளை இல்லை. பன்னிரண்டு வயது இளையவளான இவளைத்தான் தோளில் தூக்கி வளர்த்தேன். இந்த வேலைக்கு நீ வா, கூலி நன்றாக இருக்கிறது என்று கூப்பிட்டு வந்தவனும் நான்தான்.

வாசலில் நேப்பாளக்காரக் காவலாளி என்னை உள்ளே விடவில்லை. என் காலைக் காட்டினான். கோயில் காலணி. பாதுகாப்பு பூட்ஸ் இல்லாமல் யாருக்கும் அனுமதியில்லை. என் ஆட்களை இதே விஷயத்துக்காக நான் எத்தனை தடவை வீட்டுக்குத் துரத்தியிருக்கிறேன் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது, கோபத்தோடு. ஆலன் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லையாம். நான் கத்தவும் பயந்துபோய்த் தன் பூட்ஸையே கழற்றிக் கொடுத்தான். இரண்டு அளவு சின்னது. அதில் காலைத் திணித்துக்கொண்டு, ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு ஓடினேன்.

உள்ளே குளிர். கூரையில் டிரே நீளமாகப் போகிறது, அதன்மேல் மஞ்சள் கேபிள்கள் பாதிக்கு மேல் ஏறியிருந்தன. கதவுப் பக்க வளைவுக்கு நேர் கீழே, மேலே தூக்கிய சிசர் லிஃப்ட்டின் தட்டில் ஃபெலிசியா நின்றாள். ஒரு கையால் கேபிளை வாங்கி, மறு கையால் வளைவில் பதமாக விட்டுக்கொண்டிருந்தாள். டிரே அவள் ஹெல்மெட்டுக்கு ஒரு முழம் மேலே இருந்தது. அந்தக் கோடியில் நாலு பேர் இழுக்க, மணியம் கேபிள் உருளையைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

“நிறுத்து. எல்லாரும் கீழ எறங்குங்க. டிரேய விட்டுத் தள்ளி நில்லுங்க.”

என் குரல் அந்த ஹாலில் எப்படி ஒலித்ததோ, எல்லாரும் அப்படியே கையை விட்டார்கள். ஃபெலிசியா லிஃப்ட்டை இறக்கி வெளியே வரும்வரை நான் மேலே டிரேயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கால் தரையில் பட்டது. உடனே மணியத்தின் பக்கம் திரும்பினேன். பஞ்ச்சை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன்.

“இது அஞ்சு நாளா என் கார்ல கெடக்குது. நீ எத வெச்சிடா அடிச்ச?”

மணியம் இடுப்புப் பையிலிருந்து ஒன்றை எடுத்தான். புதுப் பஞ்ச். கூலாய்க் கடையில் செவ்வாய்க்கிழமை மத்தியானமே வாங்கியதாம். பிறகு என் கையிலிருந்ததை வாங்கித் திருப்பிப் பார்த்தான். இரண்டையும் சேர்த்து என் முன்னால் பிடித்தான். அவனுடையது நீளமாக, தடிமனாக இருந்தது.

“அண்ணே, இது பத்து. காரிடார்ல போட்ட சின்ன ராட்டுக்கு உள்ளது. இந்த ஹால் ராட் பன்னெண்டு.”

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. பத்தாம் நம்பர் குட்டை. அதைப் பெரிய ஆங்கருக்குள் வைத்து அடித்தால் சத்தம் சரியாகத்தான் வரும், கையிலும் சரியாகத்தான் படும். ஆனால் உள்ளே ஆப்பு பாதி வழியில் நின்றுவிடும். செவ்வாய்க்கிழமை காலை கீழே நின்ற ஆலனோடு சண்டை போட்டுக்கொண்டே, நம்பரைப் பார்க்காமல் அடித்தது நான்.

டார்ச்சை வாங்கி மேலே அடித்தேன். சரியான பஞ்ச் முழுதாக இறங்கினால் ஆங்கரின் விளிம்பில் நான்கு புள்ளிகள் பதியும். கோடியிலிருந்து நடந்து வந்தேன். மணியம் அடித்த நாற்பத்தெட்டிலும் நான்கு நான்கு புள்ளி, அச்சடித்த மாதிரி. வளைவுக்கு வந்தேன். முதல் ஆங்கரில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் இல்லை. பதினாறிலும் இல்லை.

சிவப்பு நாடா கட்டி ஆட்களை விலக்கினோம். வளைவின் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தோம். டிரேயின் எடையை முட்டு வாங்கிக்கொண்ட பிறகு, நானே மேலே போய் ஒரு ராட்டின் நட்டைக் கழற்றினேன். ராட்டைப் பிடித்து இழுத்தேன். பெரிதாக இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ஆங்கரோடு சேர்ந்து கையில் வந்தது. கான்கிரீட் மாவு என் முகத்தில் கொட்டியது.

கீழே இறங்கினேன். மணியத்திடம் கேட்டேன், பையில் பன்னிரண்டு இல்லை என்று தெரிந்ததும் எனக்கு ஒரு போன் அடித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்குமே என்று. பெரிய பஞ்ச்சை நான் கையோடு கொண்டுபோய்விட்டதாக நினைத்தானாம். தலையைக் குனிந்தபடி, திட்டுவதற்காக இல்லாமல், வானிலை சொல்வதுபோல்தான் சொன்னான்.

“உங்களக் கேக்கறத விட ஒன்னு வாங்கிக்கறது லேசு, அண்ணே.”

எனக்குச் சுருக்கென்றது. அதைவிட ஃபெலிசியா சிரிக்காமல் தலையாட்டியதுதான் தாங்கவில்லை. அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். மேற்புறம் முழுக்க வெள்ளையாக மாவு படிந்திருந்தது. இது எப்போது விழுந்தது என்று கேட்டேன். காலையில் இரண்டாவது கேபிள் ஏறும்போதே என்றாள். டிக்கென்று ஒரு சத்தமும் கேட்டதாம். கேபிளில் விழுந்ததைத் துணியால் துடைத்துவிட்டு அங்கேயே நின்றிருக்கிறாள், மூன்று மணி நேரம்.

“ஏன்டி யார்கிட்டயும் சொல்லல?”

“உன் டிரே, அண்ணா. கொற சொன்னா நீ எப்படிக் கத்துவேன்னு தெரியும். விழாதுன்னு நெனச்சிக்கிட்டேன்.”

வாய் திறந்தது. அது பழக்கத்தில் திறந்தது. உயிர் போயிருக்குமே, உனக்கு மூளை இல்லையா என்று கேட்கத்தான் திறந்தது. மணியம் அரை அடி பின்னால் போனான். இழுத்துக்கொண்டிருந்த நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். ஃபெலிசியா மட்டும் ஹெல்மெட்டை மார்போடு பிடித்துக்கொண்டு, வரப்போவதை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள். சின்ன வயதிலும் இப்படித்தான் நின்றிருப்பாளோ? எனக்கு அழுகை வந்தது. நான் அழுததை அவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, முடிந்தவரை மெதுவாக, வேறு எங்கேயாவது மாவு விழுந்ததா என்று கேட்டேன்.

ஃபெலிசியா முதலில், சொல்லலாமா என்பதுபோல் மணியத்தைப் பார்த்தாள். அவன் தலையசைத்த பிறகுதான் கையை நீட்டி, வளைவில் இன்னும் இரண்டு இடங்களைக் காட்டினாள்.